‘கோ-டூ’ தாங்கிக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் தேவை

அல்சூர், பள்ளி ஆசிரியை:

அன்புள்ள பெங்களூர்த் தமிழ்க் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் கணினியால் இயங்கும் தொலைநோக்கி ஒன்றைக் கொடையாக அளித்திருக்கிறார். மாசி மாதத் தொடக்கத்தில், நிலவொளி இல்லாத ஒரு சனிக்கிழமை இரவில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை நந்தி மலைப் பக்கம் அழைத்துச் சென்று வானத்தைக் காட்டவிருக்கிறோம். அதற்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அது அச்சகத்துக்குப் போக வேண்டும்.

தொலைநோக்கி, கண்ணருகு வில்லை, முக்காலி ஆகியவற்றுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. முக்காலிக்கு மேலே, குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இயங்கு பகுதிக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை. கைக்கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு விண்மீனின் பெயரைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால், இரண்டு மோட்டார்கள் குழாயைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திருப்பி அந்த விண்மீனை நோக்கி நிறுத்துகின்றன. அதன்பின் புவியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆங்கிலத்தில் இது ‘கோ-டூ மவுண்ட்’. வரைவில் ஒலிபெயர்த்தே எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவர்கள் ‘கோடு’ என்று வாசித்து, எந்தக் கோடு என்று கேட்டார்கள். தொடக்கத்தில் கருவியைச் சரிசெய்யும் ‘அலைன்மென்ட்’, விண்மீனை நோக்கி விரைந்து திருப்பும் ‘ஸ்லூ’, அதன்பின் விண்மீனைத் தொடரும் ‘டிராக்கிங்’ ஆகிய மூன்றுக்கும் சொற்கள் தேவை. வாயில் எளிதாக நுழையும் சொற்களாக இருந்தால் நன்றியுடையவளாவேன்.

இந்திராநகர், மென்பொருள் பொறியாளர்:

அக்கா, ‘கணினித் தாங்கி’ என்றே எழுதிவிடலாம். ‘கணினி’ இன்று எந்த மாணவருக்கும் புதுச்சொல் அன்று; தாங்குவது தாங்கி. இரண்டு சொல்லும் கேட்டவுடன் விளங்குகின்றன.

‘கோ-டூ’ என்பதை ஒரு பொருள் பொதிந்த பெயராகக் கருதி மொழிபெயர்க்க முற்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல விரும்புகிறேன். 1992இல் மீட் நிறுவனம் வெளியிட்ட எல்எக்ஸ்200 தொலைநோக்கியின் விசைப்பலகையில் ‘கோ-டூ’ என்று ஒரு விசை இருந்தது. இத்தகைய விசைகளின் பெயரே இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. நிரல் எழுதுவோருக்கோ அச்சொல் வேறொன்றை நினைவூட்டும்: கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968இல் தீங்கானது என்று வாதிட்ட, நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை அது. ஆகவே ‘செல்’, ‘போ’, ‘தாவு’ என்ற வேர்களை நாம் தொட வேண்டாம். தொலைநோக்கி எங்கும் செல்வதில்லை. நின்ற இடத்திலேயே திரும்புகிறது.

சீராமபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பு மகளுக்கும் தம்பிக்கும் வாழ்த்துகள்.

இந்தக் கருவிக்கான கருத்து நம் இலக்கியத்தில் இல்லாதது அன்று. புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்கிறார். வலவன் என்பவன் தேர்ப்பாகன். பாகன் செலுத்தாமலே இயங்கும் ஊர்தி என்பது பொருள். ‘ஏவா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கையால் தள்ளாமல் தானே இயங்கி வானத்தை நோக்கும் கருவிக்கு ‘ஏவாத் தாங்கி’ என்று பெயரிட்டால் பழமையும் பொருத்தமும் ஒருங்கே அமையும்.

அதே புலவர் 30ஆம் பாடலில், ‘செஞ்ஞாயிற்றுச் செலவும் அஞ்ஞாயிற்றுப் பரிப்பும்’ என்று தொடங்கி, வானத்தின் அளவுகளைச் சென்று அளந்து அறிந்தவரைப் போலச் சொல்வோரும் உளர் என்கிறார். செலவு என்பது இயக்கம். ஆகவே விண்மீனோடு கூடவே இயங்குவதாகிய ‘டிராக்கிங்’குக்கு ‘உடன்செலவு’ என்று வைக்கலாம். ஒரே புலவரின் இரு பாடல்களிலிருந்து இரு சொற்கள் கிடைப்பதை நல்ல தொடக்கமாகக் கொள்கிறேன்.

கிருஷ்ணராஜபுரம், ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளர்:

அனைவருக்கும் வணக்கம். ஐயாவின் புலமையை மதிக்கிறேன். ஆயினும் கருவி என்ன செய்கிறது என்பதிலிருந்து சொல்லுக்குப் போவதே முறை என்று எண்ணுகிறேன்.

‘ஏவா’ என்பது இந்தக் கருவிக்கு நேர்மாறான பொருளைத் தருகிறது. பொத்தானை அழுத்தி ஏவினால்தான் இது திரும்பும், ஏவாவிட்டால் நிற்கும். எதிர்மறையை நீக்கிவிட்டு ‘ஏவல்’ என்று கொண்டால் ஒருவேளை பொருந்தலாம்.

‘கணினித் தாங்கி’யும் போதாது. கணினி இருந்தும் மோட்டார் இல்லாத வகை ஒன்று உண்டு, ‘புஷ்-டூ’ என்பார்கள். அதில் அச்சுகளில் பொருத்திய உணரிகள் குழாய் எங்கே நோக்குகிறது என்று கணினிக்குச் சொல்லும்; இன்னும் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கணினி நமக்குச் சொல்லும்; தள்ளுவது நம் கை. இரண்டிலும் கணினி உண்டு என்பதால், அச்சொல் இரண்டையும் பிரித்துக் காட்டாது. யார் திருப்புகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. சொல்லும் அதையே சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, தமிழ்த் தொழில்நுட்ப நூல்களில் ‘தாங்கி’ என்றால் பேரிங். இந்தக் கருவிக்குள்ளும் அச்சுக்கு ஒன்றாகப் பேரிங்குகள் இருக்கின்றன. தாங்கிக்குள் தாங்கி என்று எழுத நேர்ந்தால், பழுது பார்க்கும் பகுதியை எவரும் விளங்கிக்கொள்ள முடியாது.

கணினி ஏன் வேண்டும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள், அம்மா. வானத் துருவத்தை நோக்கி ஓர் அச்சைச் சாய்த்து வைத்த நடுவரை வகைக் கருவிக்கு, அந்த ஓர் அச்சை மட்டும் 23 மணி 56 நிமிடம் 4 நொடிக்கு ஒரு சுற்று என்று மாறா வேகத்தில் சுழற்றினால் போதும். கடிகாரப் பொறியே அதைச் செய்துவிடும். காவலூர் வான் ஆய்வகத்தில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி அந்த வகை. உங்களுக்கு வந்திருப்பதோ நிலத்துக்கு இணையாக ஓர் அச்சும் செங்குத்தாக ஓர் அச்சும் கொண்டது. இதில் இரண்டு அச்சுகளும் நொடிக்கு நொடி மாறும் வேகத்தில் சுழல வேண்டும். அதைக் கணித்துக்கொண்டே இருக்க ஒரு கணிப்பான் வேண்டும். பெருந்தொலைநோக்கிகளில் இந்த அமைப்பைத் துணிந்து மேற்கொண்டது காக்கசஸ் மலையில் 1975இல் முதன்முதலாக வானை நோக்கிய 6 மீட்டர் சோவியத் தொலைநோக்கி. அதன் வழித்தோன்றலே உங்கள் பள்ளிக்கு வந்திருப்பது. விளையாட்டுக் கருவி என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது.

மல்லேசுவரம், இலக்கிய ஆய்வாளர்:

பட்டறை ஐயாவின் மடல் இந்த விவாதத்துக்கு அடித்தளம் இட்டிருக்கிறது. ‘யார் திருப்புகிறார்கள்’ என்ற கேள்வியைத் தமிழ் இலக்கணம் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன். ‘திரும்பு’ என்பது தன்வினை. ‘திருப்பு’ என்பது பிறவினை. மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறியதும் செய்பவர் மாறிவிடுகிறார். குழாய் திரும்புகிறது, கருவி அதைத் திருப்புகிறது. ஆகவே ‘கோ-டூ’வுக்குத் ‘தன்திருப்பு’ என்றும், ‘புஷ்-டூ’வுக்குக் ‘கைதிருப்பு’ என்றும் இணைச்சொற்களாக அமைக்கலாம். ஒன்றைக் கற்றவர் மற்றதைத் தாமே உணர்வார்.

‘ஏவல்’ வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பில்லி, சூனியம், ஏவல் என்று வரிசையாகச் சொல்லப்படுவதைக் கேட்டு வளர்ந்த பெற்றோர்களின் கையில் ‘ஏவல் கருவி’ என்று அச்சிட்ட தாள் போய்ச் சேரும். இரவு நேரத்தில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லும் நிகழ்ச்சிக்கு அது உதவாது. ‘உடன்செலவு’ என்பதையும் இன்றைய மாணவர் கூட்டுச் செலவுக் கணக்கு என்றே கொள்வார். செலவு என்ற சொல்லின் பழம்பொருள் அழகானது. ஆனால் பணத்தின் போக்கு ஒன்றைத் தவிர மற்றப் போக்குகள் எல்லாம் அதிலிருந்து நீங்கி நெடுங்காலம் ஆயிற்று. ‘தொடர்தல்’ போதும்.

‘தாங்கி’க்குப் பதிலாகப் ‘பீடம்’ என்று பரிந்துரைக்கிறேன். வடசொல் என்ற மறுப்பு வரும் என்று அறிவேன். மணிமேகலை மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை உணர்ந்த காலந்தொட்டு அச்சொல் நம்மிடம் இருக்கிறது. அம்மன் கோயில் பலிபீடத்தை அறியாத மாணவரும் இல்லை.

சீராமபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையாரின் தன்வினை, பிறவினை விளக்கம் என் மனத்தை நிறைத்தது. அந்தப் பாகுபாட்டை ஏற்கிறேன். ஆனால் இரண்டு திருத்தங்கள் உண்டு.

முதலாவது, புணர்ச்சி. பொன் + தகடு பொற்றகடு ஆவது போல, தன் + திருப்பு என்பது ‘தற்றிருப்பு’ என்றே புணர வேண்டும். தற்காப்பு, தற்பெருமை, தற்சார்பு என்று எழுதும் நாம், தகரம் வந்தவுடன் விதியைக் கைவிடுவது முறையன்று. நிலைமொழியையும் வருமொழியையும் அப்படியே ஒட்டிவைக்கும் பழக்கம் கலைச்சொல்லாக்கத்தில் பெருகிவிட்டது. ஒவ்வொரு துறையும் தன் வசதிக்காக ஒரு விதியைத் தளர்த்தினால், நூறு துறைகள் வளர்ந்த பின் இலக்கணம் என்று எதைக் கற்பிப்போம்?

இரண்டாவது, பீடம். பலிபீடம் அசையாதது, மணிமேகலையின் பீடிகையும் அசையாதது. அசைவதையே தொழிலாகக் கொண்ட கருவிக்கு அசையாமையைப் பொருளாகக் கொண்ட சொல் எப்படிப் பொருந்தும்? ‘ஏந்தி’ என்று வையுங்கள். குழந்தையை ஏந்திய கை இப்பக்கமும் அப்பக்கமும் திரும்பும்.

இந்திராநகர், மென்பொருள் பொறியாளர்:

ஐயா, ‘தற்றிருப்பு’ என்பதைப் படிக்கும் மாணவர் அதைத் ‘தற்று + இருப்பு’ என்றோ ‘தன் இருப்பு’ என்றோ பிரிக்கவே வாய்ப்பு அதிகம். வேரைக் காட்டுவதற்காக உண்டாக்கிய சொல், புணர்ச்சியால் வேரை மறைத்துக்கொண்டால் அதை உண்டாக்கிய நோக்கமே தோற்றுவிடும். பெங்களூரில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழை வீட்டிலும், கன்னடத்தைத் தெருவிலும், ஆங்கிலத்தை வகுப்பிலும் கொண்டு வாழ்கிறார்கள். தமிழ்வழியில் படிப்போர் சிலரே. அவர்கள் முன் வைக்கும் சொல் பிரித்தவுடன் பொருள் தர வேண்டும். ‘திருப்பு’ இருக்கட்டும், கன்னடத்தில் ‘திருகு’, ‘திருகிசு’ என்று வழங்குவதால் அவர்கள் காதுக்கு அது பழகிய ஒலி.

‘ஏந்தி’ எனக்குப் பிடித்திருக்கிறது. எனினும் ‘விளக்கேந்தி’, ‘கொடியேந்தி’ என்னும்போது அது பெயரா வினையெச்சமா என்ற ஐயம் எழுகிறது. ‘தன்திருப்பு ஏந்தி நின்றது’ என்று எழுதினால் எதை ஏந்தி நின்றது என்று கேட்கத் தோன்றும்.

சீராமபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அந்த ஐயம் ‘தாங்கி’க்கும் உண்டு, தம்பி. ‘சுமைதாங்கி நின்றது’ என்பதை எவரும் தவறாகப் படிப்பதில்லையே.

அல்சூர், பள்ளி ஆசிரியை:

மடல்கள் அனைத்தையும் அச்சிட்டு மேசையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பீடமா, ஏந்தியா, தாங்கியா என்பதை நாளை வரை திறந்தே வைத்திருக்கிறேன். எனக்கு உடனடியாக வேண்டியது ‘அலைன்மென்ட்’. கையேட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் அதைப் பற்றியதே. அது தவறினால் மற்ற எல்லாம் தவறும்.

‘நேர்ப்படுத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். எதை எதனோடு நேர்ப்படுத்துகிறோம் என்று எனக்கே விளங்கவில்லை. செயல்முறை இதுதான்: முக்காலியை மட்டமாக நிறுத்தி, இடம், தேதி, நேரம், நேர மண்டலம் ஆகியவற்றைக் கைக்கருவியில் பதிக்கிறோம். பிறகு அது கேட்கும் இரண்டு விண்மீன்களை ஒவ்வொன்றாகக் கண்ணருகு வில்லையின் நடுவில் கொண்டுவந்து ‘இதுதான்’ என்று உறுதிசெய்கிறோம். எந்த இடத்தில் எந்தப் பொருளும் மற்றொன்றோடு நேராக நிற்பதாகத் தெரியவில்லை.

கிருஷ்ணராஜபுரம், ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளர்:

அம்மாவின் ஐயம் சரியானது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறார்கள். தமிழில் அவற்றைப் பிரித்துவிடலாம். பிரித்தே ஆக வேண்டும்.

நடுவரை வகைக் கருவியில், ஓர் அச்சை வானத் துருவத்தை நோக்கி உண்மையாகவே நேராக்குகிறோம். இரும்பை இரும்போடு நேராக்குவது போன்ற வேலை அது. அதற்குத் ‘துருவநேர்ப்பு’ என்பது தகும். பெங்களூரில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்திலேயே இருப்பதால், நகருக்குள் எதிர்வீட்டு மாடியும் தென்னை மரமும் அதை மறைத்துவிடும். அந்த வேலை இங்கே கடினம். உங்கள் கருவிக்கு அது தேவையில்லை.

நீங்கள் செய்வது வேறு. கணினியின் நினைவில் வானத்தின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கண்முன்னே உண்மையான வானம் இருக்கிறது. கருவி எப்பக்கம் பார்த்து நிற்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று வரைபடத்துக்குத் தெரியாது. இரண்டு விண்மீன்களைக் காட்டிக்கொடுத்தவுடன், வரைபடம் வானத்தோடு பொருந்திவிடுகிறது. ஒரு விண்மீனை மட்டும் வைத்தால் அந்தப் புள்ளியைச் சுற்றி வரைபடம் எப்படியும் சுழலலாம். இரண்டாவது விண்மீன் அதை நிறுத்துகிறது. ஆகவே அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கக் கூடாது.

இடமும் நேரமும் பதிக்கும்போது ஓர் எச்சரிக்கை எழுதுங்கள். சில கைக்கருவிகள் மாதத்தை முதலிலும் நாளைப் பிறகும் கேட்கும். நம் வழக்கப்படி மாற்றிப் பதித்தால் வேறொரு பருவத்தின் வானத்தைத் தேடிக் குழாய் திரும்பும். கோடைகால நேர மாற்றம் உண்டா என்ற கேள்விக்கு இந்தியாவில் இல்லை என்பதே விடை.

சீராமபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

விளக்கம் தெளிவானது. விண்மீனைக் காட்டிக்கொடுப்பதால் ‘மீன்காட்டல்’ என்க. மின் என்னும் வேர் நீண்டு மீன் ஆயிற்று, மின்னுவது மீன். நீரில் மின்னுவதும் வானில் மின்னுவதும் ஒரே பெயர் பெற்றது தமிழின் சிறப்பு. சிந்துவெளி முத்திரைகளில் காணும் மீன் குறி விண்மீனைக் குறிக்கிறது என்று ஹீராஸ் பாதிரியாரும் பின்னர் அஸ்கோ பர்ப்போலாவும் வாதிட்டதன் அடிப்படையும் இதுவே. அறுமீன் என்று கார்த்திகையையும், எழுமீன் என்று சப்தரிஷி மண்டலத்தையும், வடமீன் என்று அருந்ததியையும் வழங்கிய மரபு நம்முடையது. மூவாயிரம் ஆண்டு, நாலாயிரம் ஆண்டு என்று பின்னோக்கிப் போனால்...

எப்பாள், குழு நெறியாளர்:

ஐயா, பொறுத்தருள வேண்டும். சிந்துவெளிக்கு நம் குழுவில் தனி இழை இருக்கிறது. அந்தப் பகுதியை அங்கே நகர்த்திவிடுகிறேன். இங்கே அலைன்மென்ட் மட்டும்.

இந்திராநகர், மென்பொருள் பொறியாளர்:

கன்னடத்தில் மீன் என்பது நீரில் வாழ்வது மட்டுமே. ‘மீன்காட்டல்’ என்று பிள்ளைகள் தெருவில் சொன்னால் சந்தை என்றுதான் நினைப்பார்கள். தமிழிலும் தனியே நின்றால் அதே நிலைதான்.

பட்டறை ஐயா தம் மடலில் ‘பொருந்திவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே: ‘விண்மீன் பொருத்தம்’.

மல்லேசுவரம், இலக்கிய ஆய்வாளர்:

நட்சத்திரப் பொருத்தம் என்பது திருமணத்துக்குச் சாதகம் பார்ப்பதைக் குறிக்கும் தொடராக வேரூன்றிவிட்டது. ரோகிணி, மகம் என்ற பெயர்களும் அருகில் வந்தால், வானியலைக் கற்பிக்கும் கையேடு சோதிடக் கையேட்டின் சாயலைப் பெற்றுவிடும். இந்தக் குழப்பத்தை நாமே உண்டாக்கக் கூடாது. ஆனால் ‘பொருத்தம்’ என்ற வேர் மிகச் சரியானது என்பதால் அதை இழக்கவும் மனமில்லை. வரைபடம் பொருந்துவது வானத்தோடு. விண்மீன்கள் அதற்குச் சான்றுகள் மட்டுமே. ‘வான்பொருத்தம்’ என்று வைத்தால் சோதிடச் சாயல் நீங்கிவிடும்.

கிருஷ்ணராஜபுரம், ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளர்:

‘வான்பொருத்தம்’ எனக்கு முழு உடன்பாடு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரைப் ‘பொருத்துநர்’ என்றே எழுதுகிறோம். கையால் செய்யும் வேலையின் மணம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

அதைச் செய்யும் முறையிலும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பல்சக்கரங்களுக்கு இடையே சிறு இடைவெளி எப்போதும் உண்டு; திசை மாற்றும்போது மோட்டார் சுழன்றும் குழாய் சற்று நேரம் அசையாது. ஆகவே விண்மீனை நடுவுக்குக் கொண்டுவரும் கடைசி அசைவு இரண்டு விண்மீன்களுக்கும் ஒரே திசையில் இருக்க வேண்டும். சில கருவிகளின் வழிகாட்டி, மேல் பொத்தானையும் வலப் பொத்தானையும் மட்டும் கடைசியாகப் பயன்படுத்தச் சொல்கிறது. இந்த இடைவெளிக்குப் பட்டறையில் நாங்கள் ‘ப்ளே’ என்போம். ‘பல்லிடைத் தளர்வு’ என்று எழுதினால் மாணவருக்கு விளங்கும்.

மாசித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் திருவாதிரை ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உச்சிக்கு அருகில் இந்த வகைக் கருவி பக்கவாட்டில் பெரிதாகச் சுழல வேண்டியிருக்கும். குழாயின் கீழே குனிந்து பார்ப்பதும் துன்பம். மேற்கே சாய்ந்த ரோகிணியும் கிழக்கே எழுந்திருக்கும் மகமும் நல்ல இணை. கைக்கருவியின் பட்டியலில் அவை அல்டெபரான், ரெகுலஸ் என்றிருக்கும். இரண்டு பெயரையும் அருகருகே அச்சிடுங்கள்.

அல்சூர், பள்ளி ஆசிரியை:

‘வான்பொருத்தம்’, ‘துருவநேர்ப்பு’, ‘பல்லிடைத் தளர்வு’ மூன்றையும் இன்றே பக்கத்தில் ஏற்றிவிட்டேன். ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று பிரிந்தவுடன், அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்த விளக்கத்தில் பாதியை நீக்க முடிந்தது.

‘தொடர்தல்’ பற்றிய பகுதியையும் மாற்றி எழுதினேன். 150 மடங்கு உருப்பெருக்கத்தில், மோட்டார் நின்றிருந்தால், வியாழன் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் காட்சிப்புலத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பைக் கடந்துவிடும். வரிசையில் ஏறத்தாழ நாற்பது மாணவர்கள் நிற்கும்போது, ஒருவர் பார்த்து முடித்து அடுத்தவர் கண் வைப்பதற்குள் கோள் நழுவும். ஆகவே எங்களைப் போன்ற பள்ளிகளுக்குத் தேடித் தருவதைவிடத் தொடர்வதே பெரிய உதவி. இதனால் எனக்கு ஒரு தயக்கம்: ‘தன்திருப்பு’ என்ற பெயரில் அந்தப் பயன் அடங்குமா?

மல்லேசுவரம், இலக்கிய ஆய்வாளர்:

அடங்கும் என்பது என் கருத்து. வேகமாகத் திருப்புவதும் திருப்பல்தான், மெல்லத் திருப்புவதும் திருப்பல்தான். முன்னதை ‘விரைதிருப்பம்’ என்று அழைத்தால் உங்கள் ‘ஸ்லூ’வுக்கும் சொல் கிடைத்துவிடும். ‘திருப்பு பீடம்’ என்பதை வினைத்தொகையாகக் கொண்டால், நன்னூல் சொல்லும் ‘காலம் கரந்த பெயரெச்சம்’ ஆகிறது: திருப்பிய பீடம், திருப்புகின்ற பீடம், திருப்பும் பீடம் என்று முக்காலத்துக்கும் அது நிற்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் இடையே ஒற்று வேண்டாம்.

எப்பாள், குழு நெறியாளர்:

இன்று வியாழன் இரவு. கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ‘தன்திருப்பு’ என்பதை ஏற்றிருக்கிறார்கள். புணர்ச்சி விதி குறித்துச் சீராமபுரம் ஐயாவின் மறுப்பு பதிவாகியிருக்கிறது. ‘வான்பொருத்தம்’ குறித்து மறுப்பு இல்லை. பீடம், ஏந்தி, தாங்கி மூன்றும் ஏறக்குறைய சமநிலையில் இருக்கின்றன; இன்னும் ஒரு வாரம் விவாதித்தாலும் அந்த நிலை மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதுபவர் ஆசிரியை என்பதால் முடிவை அவரிடமே விட்டுவிடலாம் என்று முன்மொழிகிறேன்.

அல்சூர், பள்ளி ஆசிரியை:

‘தன்திருப்பு பீடம்’ என்று எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். பட்டறை ஐயா காட்டிய பேரிங் குழப்பம் ‘தாங்கி’யைத் தடுத்தது. ‘ஏந்தி’யை வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது, முக்காலியைத்தான் குறிக்கிறது என்று மாணவர்கள் கருதினார்கள். முதல் பக்கத்தில் ஒரேயொரு முறை, கைக்கருவியின் பொத்தானில் உள்ளபடி ‘கோ-டூ’ என்பதையும், கோடு என்று படிக்க வேண்டாம் என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

சீராமபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பு மகளே, அச்சுக்குப் போனதைப் பற்றி வருத்தமில்லை. கையேடு உரிய நேரத்தில் பிள்ளைகளின் கையில் இருப்பதே முதன்மை. ஆயினும் என் மறுப்பை நான் திரும்பப் பெறவில்லை, அது புணர்ச்சியைப் பற்றியது மட்டுமன்று.

பட்டறை நண்பரின் விளக்கத்தை மீண்டும் மீண்டும் படித்தேன். இரண்டு விண்மீன்களை ஒரு மனிதர் அறிந்து, தேடி, நடுவில் நிறுத்திக் காட்டும்வரை அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. ரோகிணி எது என்று அறியாதவர் வேறொரு விண்மீனை ரோகிணி என்று உறுதிசெய்தால், இரவு முழுவதும் அது தவறான இடங்களையே நோக்கும். அப்படியிருக்க, ‘தன்’ என்ற முன்னொட்டு, அறிவு கருவியிடமே இருக்கிறது என்று மாணவருக்குச் சொல்லிவிடுகிறது. ‘ஏவல்’ என்ற சொல்லில் ஏவுபவர் இருக்கிறார். ‘தன்திருப்பு’ என்ற சொல்லில் அவர் இல்லை. சூனியக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக ஏவல் வினையையும் ஏவுகணையையும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. இதை மட்டும் ஏன் விட வேண்டும்?

‘ஏவுதிருப்பு’ என்று ஒரு வடிவம் இன்று காலை தோன்றியது. ‘கைதிருப்பு’க்கும் அது இணையாக நிற்கும், புணர்ச்சியிலும் இடறாது. இரண்டாம் பதிப்பு வந்தால் அதைக் கருத வேண்டுகிறேன். இப்போதைய கையேட்டின் இரண்டாம் பக்கத்திலாவது, வான்பொருத்தம் செய்பவர் மாணவரே என்று ஒரு வரி இருக்கிறதா என்பதைத் தெரிவிக்கவும். இல்லையென்றால் அச்சகத்தாரிடம் பேசி இன்றே சேர்த்துவிடலாம். ஒரு வரிக்கு இடம் இருக்கும்.